எலிக்குப் பின், மனிதனுக்கு முன்



ஒரு புதிய மருந்து மனிதனை வந்தடையுமுன் எவ்வுடலில் சோதிக்கப்பெறுகிறது? இவ்வினா மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. எளியோர் அனைவரும் எழுப்ப வேண்டியதாகும்.

வலியையும் நரம்புக் காயத்தையும் ஆராய்வோர் பெரும்பாலும் எலியையே நாடுகின்றனர். எலி விரைவில் பெருகும். வளர்க்கும் செலவும் குறைவு. ஆயினும், எலியிடம் கண்டவை யாவும் மனிதனுக்குப் பொருந்துவதில்லை.

அறுந்த நரம்பு மனித உடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே வளரும். தோளருகே அறுபட்ட நரம்பு விரல்களை எட்ட ஓராண்டுக்கு மேலாகும். அதற்குள் கையின் தசைகள் மெலிந்துவிடும். எலியின் காலிலோ அது கடக்க வேண்டிய தொலைவு சில சென்டிமீட்டர்தான். ஆதலால், நீண்ட நரம்புகளையுடைய செம்மறியாட்டிலும் பன்றியிலும் மீண்டும் சோதித்தல் தேவையாகிறது.

வலியின் செய்தியும் இத்தகையதே. ‘சப்ஸ்டன்ஸ் பி’ என்னும் பொருளின் செயலைத் தடுக்கும் மருந்துகள் சிறு விலங்குகளின் வலியைத் தணித்தன, மனிதரிடமோ தோல்வியுற்றன. அவ்வகையைச் சேர்ந்த அப்ரெபிடன்ட் 2003இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது, புற்றுநோய் மருந்தால் வரும் வாந்தியைத் தடுப்பதற்கே. தொட்டவுடன் எலி காலை இழுத்துக்கொள்வதை அளந்துவிடலாம். தொடாமலேயே இரவும் பகலும் மனிதனை வருத்தும் வலியை அவ்வளவு எளிதில் அளக்க இயலுமோ?

மற்றொரு வழியும் உண்டு. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், இயற்கையாகவே எலும்புப் புற்றுநோய் கண்ட வளர்ப்பு நாய்களுக்கு மருந்தொன்றினை முதுகுத்தண்டு நீரில் செலுத்தினர். அது நம் வேலிக் கள்ளியின் இனத்தைச் சேர்ந்த மொராக்கோ நாட்டுச் செடியிலிருந்து கிடைப்பது. நாய்களின் வலி தணிந்தது. பின்னரே முற்றிய புற்றுநோயுற்ற மனிதரிடம் அதனைச் சோதித்தனர்.

இவ்வரிசை முறை பெரும் விலை கொடுத்துப் பெற்றதாகும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியின் ராவன்ஸ்புரூக் முகாமில் அடைபட்டிருந்த பெண்களின் எலும்பும் தசையும் நரம்பும் ஆராய்ச்சியின் பெயரால் அறுத்தெடுக்கப்பட்டன. ‘உமக்கு இசைவுதானா?’ என்று அவர்களை எவரும் கேட்கவில்லை. அம்மருத்துவர்களை விசாரித்த வழக்கில் 1947இல் நூரம்பர்க் விதிகள் பிறந்தன. மனிதனின் மனமார்ந்த இசைவு வேண்டும். விலங்குகளிடம் கண்ட முடிவுகளின் மேல் சோதனை அமைய வேண்டும் என்று அவை விதித்தன.

அதனால் விலங்கின் துன்பம் துச்சமாகிவிடாது. இயன்றவிடத்து மாற்று வழி, குறைந்த எண்ணிக்கை, குறைந்த வேதனை ஆகிய மூன்றினையும் ரஸ்ஸல், பர்ச் என்னும் இருவர் 1959இல் வற்புறுத்தினர். வாயற்ற உயிரின் வலியை அதன் நடையிலும் உணவிலும் உறக்கத்திலும் கண்டறிபவனே நல்ல ஆய்வாளன்.

இளைஞர்களே! உங்கள் வீட்டார் முன் எவரேனும் இசைவுத்தாளை நீட்டினால், கையெழுத்துக்கு முன் கேளுங்கள்: இம்மருந்து எவ்விலங்குகளிடம், எத்தனை காலம் சோதிக்கப்பட்டது? கண்ட தீங்கு யாது? மறுத்தால் எம் சிகிச்சை குறையுமா? அவ்வாறு கேட்பது உங்கள் உரிமை. அவ்வினாக்களுக்கு விடை காணும் ஆய்வுக்கூடங்களிலும் நம் பிள்ளைகள் அமர வேண்டும். அதற்கு இன்றே அறிவியல் பயிலுங்கள்.