மீட்டுப் பார்த்த பிறகுதான் பேக்கப்



2022 மார்ச் 1-ஆம் தேதி ஜப்பானில் டொயோட்டாவின் 14 தொழிற்சாலைகளும் ஒரு நாள் முழுக்க நின்றன. டொயோட்டாவின் இயந்திரம் எதுவும் பழுதாகவில்லை. அந்த நிறுவனத்துக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் செய்து கொடுக்கும் கோஜிமா என்ற சப்ளையரின் கணினிகளுக்குள், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்திருந்தது. எந்தப் பாகம், எத்தனை, எந்த நேரத்துக்கு என்று கேட்டு வாங்கும் தொடர்பு அறுந்தது. சப்ளையரின் சர்வர் படுத்ததும் அவ்வளவு பெரிய கார் கம்பெனி தன் உள்நாட்டு உற்பத்தியை நிறுத்த வேண்டியதாயிற்று.

இந்தச் செய்தி ஓசூருக்கு மிக நெருக்கமானது. அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், டைட்டன் என்று பெரிய பெயர்களைச் சொல்லித்தான் வெளியூர்க்காரர்கள் இந்த ஊரை அறிகிறார்கள். ஆனால் புஷ், பின், பிராக்கெட் என்று நாள் முழுக்கக் கடைந்து கொடுப்பவை சிட்கோ தொழிற்பேட்டையிலும் சிப்காட் தெருக்களிலும் கிருஷ்ணகிரி சாலையோரத்திலும் இருக்கும் சின்ன யூனிட்கள். பெரிய கம்பெனியில் கணினிக்கென்றே ஒரு துறை இருக்கும். சின்ன யூனிட்டில் அந்தப் பொறுப்பு கணக்குப் பார்க்கும் பெண்ணுக்கோ முதலாளியின் தம்பி மகனுக்கோ வந்து சேர்கிறது. அவர்களை மனதில் வைத்துத்தான் இன்று பேசுகிறேன். பேக்கப் மென்பொருளை நிறுவுவது பெரிய வித்தை இல்லை. நிறுவிவிட்டோம் என்ற நிம்மதிதான் ஆபத்து.

அப்படிப்பட்ட யூனிட் ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். முன்னறையில் விண்டோஸ் கணினி. அதில் டாலி என்ற கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி பில், டெலிவரி சலான். உள்ளே ட்ராயிங் கோப்புகளை வைத்திருக்கும் லினக்ஸ் சர்வர். அரசு கொடுத்த இலவச மடிக்கணினியில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸைப் பார்த்து வளர்ந்த இளைஞர் யாராவது அமைத்துக் கொடுத்ததாக இருக்கலாம். டிசைன் பார்ப்பவரிடம் ஒரு மேக். கடைசியில், உலோகம் வெட்டும் வி.எம்.சி. இயந்திரத்தின் பக்கத்தில், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கீபோர்டுடன், விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கணினி. ஒரே கூரையின் கீழ் நான்கு விதமான இயங்குதளங்கள். ஒவ்வொன்றும் நம்மை ஏமாற்றுவது வேறு வேறு இடத்தில்.

விண்டோஸில் மென்பொருள் சுலபமாக ஏறிவிடும். அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கேட்கும், கொடுக்கிறோம், முடிந்தது. பிறகு எந்த ஃபோல்டர் என்று கேட்கும்போது டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் டிக் செய்துவிட்டு எழுந்துவிடுகிறோம். டாலி கணக்குகள் பொதுவாக அங்கே இருப்பதில்லை. அவை எந்த ஃபோல்டரில் எழுதப்படுகின்றன என்று டாலிக்குள்ளேயே பார்த்து, அந்த இடத்தைச் சேர்க்க வேண்டும். அடுத்தது, திறந்திருக்கும் கோப்பு. பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே நகல் எடுத்தால் பாதி பழையதும் பாதி புதியதுமாக ஒரு கோப்பு கிடைக்கும். அது திறக்காமலே போகலாம். இதைத் தவிர்க்க விண்டோஸில் ஷேடோ காப்பி என்ற வசதி இருக்கிறது. அந்த நொடியின் நிலையை நிறுத்திவைத்து, அதிலிருந்து நகல் எடுக்க அது உதவும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் மென்பொருள் அதைப் பயன்படுத்துகிறதா என்று கேளுங்கள். இரவு பதினொரு மணிக்கு பேக்கப் என்று நேரம் குறித்துவிட்டு, மாலை ஏழு மணிக்கே கணினியை அணைத்துப் பூட்டிப் போகும் யூனிட்களில் அந்த பேக்கப் எந்த இரவும் நடப்பதில்லை.

லினக்ஸில் ஏமாற்றம் சத்தமே இல்லாமல் வரும். 1996-இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மக்கெராஸும் எழுதிய ஆர்சிங்க் இன்றும் உழைக்கிறது. மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் அருமையான கருவி அது. ஆனால் வெளி டிஸ்க் சரியாக இணைக்கப்படாத ஓர் இரவில், அது இணைய வேண்டிய வெறும் ஃபோல்டரிலேயே ஆர்சிங்க் எழுதிவிடும். அதாவது அசலும் நகலும் ஒரே டிஸ்க்கில். பிழைச்செய்தி எதுவும் வராது, டிஸ்க் மட்டும் நிரம்பிக்கொண்டே போகும். ஆகவே, வெளி டிஸ்க் உண்மையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே நகல் தொடங்கும்படி ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். டைம்ஷிஃப்ட் என்ற மென்பொருளிலும் பலர் தவறுகிறார்கள். அது இயங்குதளத்தைக் காப்பதற்கானது. ஊழியர்களின் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டரை, நாமாகச் சொன்னாலொழிய, அது தொடாது.

மேக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2007 முதல் டைம் மெஷின் அதிலேயே இருக்கிறது. வேறு மென்பொருள் போட்டால், செட்டிங்ஸில் முழு டிஸ்க்கையும் படிக்கும் அனுமதியைக் கையால் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சில கோப்புகளை விட்டுவிட்டுத்தான் அது நகல் எடுக்கும்.

எக்ஸ்பி கணினிதான் உண்மையான தலைவலி. மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. இன்றைய பேக்கப் மென்பொருள்கள் பெரும்பாலும் அதில் ஏறாது. தூக்கிப் போடுங்கள் என்று சொல்வது எளிது, ஆனால் இயந்திரத்தோடு பேசும் மென்பொருள் அதில் மட்டும்தான் ஓடும். அங்கே எதையும் நிறுவ முயல வேண்டாம். தைவானில் உருவான குளோன்ஸில்லாவை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, முழு டிஸ்க்கையும் அப்படியே படம்பிடித்து வெளி டிஸ்க்கில் வையுங்கள். அந்தக் கணினியை இணையத்தில் இணைக்காதீர்கள்.

இயங்குதளம் என்று யாரும் நினைக்காத ஒன்று மிச்சம் இருக்கிறது. சி.என்.சி. இயந்திரத்தின் கன்ட்ரோலர். ஃபானுக் போன்ற கன்ட்ரோல்களில் ப்ரோகிராம், ஆஃப்செட், பேரமீட்டர் எல்லாம் ஒரு சின்ன பேட்டரியின் தயவில் நினைவகத்தில் நிற்கின்றன. பேட்டரி லோ என்று அலாரம் காட்டும். ஆர்டர் அவசரத்தில் நாளை பார்க்கலாம் என்று விடுகிறோம். நீண்ட விடுமுறைக்குப் பிறகு இயந்திரத்தைப் போட்டால் பேரமீட்டர் அழிந்திருக்கும். ப்ரோகிராமைத் திரும்ப எழுதிவிடலாம். ஆனால் பேக்லாஷ், பிட்ச் எரர் போன்றவற்றைச் சரிக்கட்டும் எண்கள் அந்தந்த இயந்திரத்துக்கே உரியவை. பக்கத்தில் நிற்கும் அதே மாடலிலிருந்து எடுத்துப் போட முடியாது. பிறகு சர்வீஸ் இன்ஜினியர் பெங்களூருவிலிருந்து அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி வரும்வரை ஷிஃப்ட் முழுக்க ஆட்கள் சும்மா நிற்க வேண்டியதுதான். கன்ட்ரோலருக்கு மின்சாரம் வந்துகொண்டிருக்கும்போதே பேட்டரியை மாற்ற வேண்டும். அதற்கு முன்பே மெமரி கார்டில் பேரமீட்டரையும் ப்ரோகிராமையும் எடுத்துவைக்க வேண்டும். இது சில நிமிட வேலை, மென்பொருள் செலவும் கிடையாது. இந்த வட்டாரத்தில் எந்த பேக்கப்பை முதலில் எடுப்பது என்று என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

இத்தனை நகல்களும் எங்கே போய்ச் சேர வேண்டும்? உர்பேக்கப் போன்ற இலவச மென்பொருளில் சர்வர் பகுதியை ஒரு கணினியில் நிறுவி, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் கிளையன்ட் பகுதியைப் போட்டால், எல்லாம் ஓரிடத்தில் சேரும். அந்தக் கிடங்கை மற்றக் கணினிகளில் சாதாரண நெட்வொர்க் டிரைவாகக் காட்டிவைக்காதீர்கள். முன்னறைக் கணினியில் வைரஸ் புகுந்தால், அது எழுதக்கூடிய எல்லா டிரைவையும் பூட்டும். பேக்கப்பும் அதோடு போகும்.

தொடக்கத்தில் சொன்ன அதே டொயோட்டாவின் 14 தொழிற்சாலைகளும் 2023 ஆகஸ்ட் 29-ஆம் தேதி மறுபடி நின்றன. இந்த முறை வைரஸ் இல்லை. டேட்டாபேஸ் பராமரிப்பின்போது டிஸ்க்கில் இடம் போதவில்லை. மாற்று சர்வர் இருந்தது. ஆனால் அதுவும் அதே அமைப்பில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அசல் விழுந்த காரணத்துக்காகவே அதுவும் விழுந்தது. மாற்று இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. அசலைச் சாய்க்கும் காரணம் எதுவும் மாற்றைத் தொடாமல் இருக்குமா என்றும் கேட்க வேண்டும்.

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வெளியிடத்தில் என்ற விதியைப் பிரபலமாக்கியவர் பீட்டர் க்ரோ என்ற புகைப்படக் கலைஞர். தன் படங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய தொழில்காரர் அவர். ஓசூர்க்காரர்களுக்கு வெளியிடம் தேடி அலைய வேண்டியதில்லை. வேலை கர்நாடக எல்லைக்கு இந்தப் பக்கம், வீடு அந்தப் பக்கம் என்று வாழ்பவர்கள் நிறைய. வாரம் ஒரு டிஸ்க் வீட்டுக்குப் போகட்டும், பழைய டிஸ்க் திரும்பி வரட்டும்.

சட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. கம்பெனிச் சட்டத்தில் பதிவான நிறுவனங்கள் மின்னணுக் கணக்குகளின் பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. ஜிஎஸ்டி ஆவணங்களை, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யவேண்டிய தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும்.

மென்பொருளை நிறுவ வருபவரிடம் ஒன்று கேளுங்கள். கூலி வாங்கும் முன், நேற்றைய டாலி கணக்கையும் ஒரு ட்ராயிங்கையும் வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அவர் காட்டியதும், கணக்குப் பார்ப்பவர் அதே வேலையைத் தன் கையால் ஒருமுறை செய்யட்டும். அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்து, இயந்திரப் பராமரிப்பு ரிஜிஸ்டரிலேயே தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். திருட்டுக்குப் பயந்து பேக்கப்பை என்கிரிப்ட் செய்திருந்தால், அந்தக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள். அது தொலைந்தால் மென்பொருளைச் செய்தவராலும் திறக்க முடியாது. அந்த இருவரில் ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது, சாவியோடு அந்தத் தாளையும் மறக்காமல் வாங்கிக்கொண்டு, கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள்.