சேகரிப்புக்கு ஒரு டிராயர் பெட்டி

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் கடற்கரைக்குப் போகிற பிள்ளைகள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. சிப்பியும் சோழியும் பையில் வந்து சேரும். வீட்டில் ஏற்கெனவே தாத்தா வைத்துவிட்டுப் போன பழங்காசுகள் இருக்கும். அட்டைப்பெட்டியில் தொடங்கிய சேகரிப்பு பெருகப் பெருக, இதற்கென்று ஒரு டிராயர் பெட்டி செய்தால் என்ன என்று தோன்றும். செய்யத்தான் வேண்டும். ஆனால் எந்த மரத்தில்?

ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் படங்களைப் பார்த்தவர்கள் ஓக் மரம் என்பார்கள். உறுதியான, அழகான மரம்தான். நம் மரக்கடைகளில் சில்வர் ஓக் என்று விற்பது அதுவல்ல. அது தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் ஆஸ்திரேலிய மரம். அசல் ஓக் பலகை கிடைத்தாலும், சிப்பிக்கும் ஈயக்காசுக்கும் அது வேண்டாம் என்பதே என் கருத்து.

காரணம், ஓக் மரத்திலிருந்து அசிட்டிக் அமிலம் ஆவியாகக் கசிந்துகொண்டே இருக்கிறது. வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். வெட்டி அறுத்துப் பல ஆண்டுகள் ஆனாலும் அது நிற்பதில்லை. மூடிய டிராயருக்குள் அந்த ஆவி தேங்கி, சிப்பியின் சுண்ணாம்பை அரித்து, மேலே வெள்ளையாகப் பூக்கும். 1899-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த பைன் (Byne) என்பவர் இதை விவரித்ததால் 'பைன் நோய்' என்ற பெயர் நிலைத்தது. நோய் என்றாலும் இதில் கிருமி எதுவும் இல்லை. ஈயத்துக்கும் இதே கதிதான். வெள்ளைப் பொடியாக உதிர்ந்துவிடும். சோழமண்டலக் கடற்கரையில் சாதவாகனர் காலத்து ஈயக்காசுகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பாய்மரக் கப்பல் பொறித்தவையும் உண்டு. மண்ணுக்குள் ஏறத்தாழ ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகள் தாங்கிய கப்பல், தவறான மரப்பெட்டிக்குள் சில ஆண்டுகளிலேயே அழியலாம்.

நமக்குக் கைக்கெட்டும் மரம் தேக்கு. அதிலும் அமிலம் உண்டு, ஆனால் ஓக் அளவுக்கு இல்லை. வீடு இடிக்கும் இடங்களில் கிடைக்கும் பழைய கதவும் உத்திரமும் நன்றாகக் காய்ந்து அடங்கியவை. முதல் முறை செய்பவருக்கு அவையே நல்லது.

வாங்குமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். மீன்வலையில் கட்டும் ஈயக்குண்டுகள் இரண்டை வாங்கி, பளபளப்பு தெரியும்வரை கத்தியால் சுரண்டி, கையை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் ஒவ்வொன்றாகப் போட்டு, இரண்டிலும் ஈரப்பஞ்சு வையுங்கள். ஒன்றில் மட்டும் அந்த மரத்தின் இழைப்புச் சீவலைச் சேருங்கள். இறுக மூடி, சூடான இடத்தில் ஒரு மாதம் விடுங்கள். சீவல் உள்ள புட்டியின் ஈயம் மற்றதைவிட வெளுத்திருந்தால் அந்த மரம் ஆகாது. பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆன்ட்ரூ ஆடி 1973-இல் வெளியிட்ட சோதனையின் எளிய வடிவம் இது. அங்கே 60 டிகிரி வெப்பத்தில் 28 நாள் வைக்கிறார்கள்.

அளவெடுக்குமுன் சேகரிப்பு முழுவதையும் தரையில் பரப்பிப் பாருங்கள். காசுக்கு இரண்டு அங்குல ஆழம் போதும். கல்லும் சேகரிப்பவராக இருந்தால், அதற்கான டிராயர் ஆழமாகவும், எல்லாவற்றுக்கும் அடியிலும் இருக்கட்டும். மரம் நீளவாட்டில் அசையாது, அகலவாட்டில்தான் உப்பும், சுருங்கும். சித்திரை வெயிலில் கச்சிதமாகப் பொருந்திய டிராயர் ஐப்பசி மழையில் இழுக்க வராது. ஆகவே டிராயருக்கு மேலே ஒரு ரூபாய்க் காசு நுழையும் இடைவெளி விடுங்கள். அடிப்பலகையை ஆணியடித்து இறுக்காமல் காடி எடுத்துச் செருகினால் அது உப்பினாலும் வெடிக்காது. கட்டைமேல் ஓடும் டிராயருக்கு மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும், சேனல் தேவையில்லை.

உள்ளே பாலிஷும் ஆளிவிதை எண்ணெயும் வேண்டாம். அலுமினியத் தாளை விரித்து, காசையும் சிப்பியையும் தனித்தனியாக மூடியுள்ள சிறு கண்ணாடிப் பெட்டிகளில் வையுங்கள். சிப்பியை நல்ல தண்ணீரில் பலமுறை ஊறவைத்து, உப்பு போக்கி, உலர்த்திய பிறகே உள்ளே வைக்க வேண்டும். சில சங்குகளை எடுப்பதும் வைத்திருப்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கல் சேகரிக்கும் திண்டிவனம் பக்கத்துக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். திருவக்கரையில் ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுப் பழமையான கல்மரங்கள் கிடக்கின்றன. அவை இருக்கும் பூங்காவை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை காத்துவருகிறது. பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள். ஆனால் ஒரு சில்லைக்கூட எடுத்துவராதீர்கள்.