குளம் வெட்ட நிலம் எங்கே?



செவிலிமேட்டில், பாலாற்றங்கரையில் உணவுப் பாதுகாப்பு பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். மீன் வளர்ப்பு, பசுமைக்குடில் இரண்டும் நல்ல யோசனைதான். சின்ன இடத்தில் கட்லாவும் வெள்ளரியும் வளரும். சேரிப் பிள்ளைகளின் தட்டில் மீனும் காயும் சேரும்.

2020-இல் வந்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப்பிரிவினருக்கு 40 விழுக்காடு மானியம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு 60. கேட்க இனிக்கிறது. ஆனால் குளம் வெட்ட நிலம்? பட்டாவோ குத்தகைப் பத்திரமோ இல்லாதவருக்கு அது பூஜ்ஜியத்தில் 60 விழுக்காடு.

நிலமே தரப்படவில்லையா? தரப்பட்டது. காஞ்சிபுரம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் இருந்தது. அதன் ஆட்சியர் திரெமென்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலை பற்றி அறிக்கை எழுத, 1892-இல் பஞ்சமி நில ஒப்படைக்கு ஆணை வந்தது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது. பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அப்படியும் நிலம் கைமாறியது. எப்படி என்று உங்கள் தாத்தாக்களுக்குத் தெரியும்.

காரணை பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். மீன்பண்ணைப் பயிலரங்குகளில் யாரும் இதைப் பேசுவதில்லை.

மானியப் படிவம் நிரப்பும் இளைஞர்களே, அதோடு இன்னொரு மனுவும் எழுதுங்கள். உங்கள் ஊரின் யுடிஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பஞ்சமி என்று குறித்த புல எண்களை எடுத்து, இன்று பட்டா யார் பெயரில் என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். நானும் உட்கார்ந்து பார்க்கிறேன்.