கிள்ளான் கரையோரத்து வரலாற்றிடங்களும் நாம் இட்ட பெயர்களும்



சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில், மாணவரை வரலாற்றுச் சுற்றுலாவிற்கு அழைத்துச் சென்ற தமிழாசிரியர் சிலர் என்னையும் உடன்வருமாறு கேட்டனர். காலையில் பிரிக்பீல்ட்சிலிருந்து பேருந்து புறப்பட்டது. கிள்ளானில் ராஜா அப்துல்லா கட்டிய பழைய கட்டடம், ராஜா மகாடி கோட்டையின் எஞ்சிய வாயில், அரச காட்சியகம்; பகலுணவுக்குப் பின் தெற்கே சென்று ஜுக்ராவில் பண்டார் அரண்மனை. இதுவே பயணத் திட்டம். மாணவர் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு பக்கக் கையேடு ஒன்று இருந்தது. அதில் ஊரின் பெயர் 'கிளாங்' என்று அச்சாகியிருந்தது. கைப்பேசி நிலப்படத்தைப் பார்த்து எழுதியதாக, அதனைத் தயாரித்த இளைஞர் சொன்னார். என் அருகில் ஒரு மாணவியின் பாட்டி அமர்ந்திருந்தார். கிள்ளானிலேயே பிறந்து எழுபது வயதைக் கடந்தவர். பேத்தி கையேட்டைப் படித்துக் காட்டியபோது, "கிளாங்கா? அது எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். பேருந்தில் இருந்தோர் சிரித்தனர். அவர் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. இன்றைய என் உரைக்கு அந்தக் கேள்வியே தோற்றுவாய்.

முதலில் அந்தக் கட்டடத்திற்கு வருவோம். 1857ஆம் ஆண்டளவில் ராஜா அப்துல்லா கிள்ளான் ஆற்றங்கரையில் அதனைக் கட்டினார். ஈயத்தையும் படைக்கலங்களையும் உணவுப்பொருள்களையும் அங்கே சேமித்தனர். அதே ஆண்டில் அவரும் லுக்குட்டின் ராஜா ஜுமாட்டும் சேர்ந்து, ஈயம் தேட 87 சீனத் தொழிலாளரை ஆற்றின் மேல்நோக்கி அனுப்பினர். அவர்கள் படகை விட்டு இறங்கிய ஆற்றுக்கூடலே பின்னர் கோலாலம்பூர் ஆயிற்று. 1867இல் தொடங்கிய சிலாங்கூர் உள்நாட்டுப் போரில் ராஜா மகாடி கிள்ளானைக் கைப்பற்றினார். இவையெல்லாம் மாணவர்க்கு நன்றாகவே விளக்கப்பட்டன. அறிவிப்புப் பலகையில் 'கெடோங் ராஜா அப்துல்லா' என்றிருந்ததை மாணவர்கள் அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர். அந்தச் சொல்லை ஒருவரும் நிறுத்திக் கேட்கவில்லை.

கெடோங், குடாங் என்னும் மலாய்ச் சொற்களின் மூலத்தைத் தமிழ்க் 'கிடங்கு', தெலுங்கின் 'கிட்டங்கி' ஆகியவற்றில் காண்பது அறிஞர் நெடுங்காலமாகக் கொண்ட கருத்து. ஆங்கிலேயர் வாயில் அது 'கோடவுன்' ஆகி, நம்மிடமே 'குடோன்' என்று திரும்பி வந்தது. வீட்டைவிட்டுப் போன பிள்ளை வேறு சட்டையோடு வந்து நிற்பதைப் போல! அந்த வாயிலில் நின்று, 'ராஜா அப்துல்லா கிடங்கு' என்று நாம் தயங்காமல் சொல்லலாம். அரண்மனையைக் குறிக்கும் 'இஸ்தானா' என்பதை வடமொழியின் 'ஆஸ்தானம்' என்னும் சொல்லோடு இணைப்பர். அதனைத்தான் நாம் 'ஆஸ்தானப் புலவர்' என்பதில் வைத்திருக்கிறோம். 'கோத்தா' என்பதும் நம் 'கோட்டை'யும் உறவுச் சொற்கள். கடையைக் 'கெடாய்' என்றும், கப்பலைக் 'காப்பால்' என்றும், முதலை 'மோடால்' என்றும் மலாய் மொழி வழங்குவதைத் தொடக்கப்பள்ளி மாணவரும் அறிவர். பழங்காலத்தில் இந்தக் கடலோரத்தில் சொற்கள் சரக்கோடு ஏறி இறங்கின.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இத்தகைய சான்றுகளைக் கண்டவுடன் நம்மவருள் சிலர்க்கு வேகம் பிறந்துவிடுகிறது. சோழன் கிள்ளியின் பெயரால் கிள்ளான் வந்தது என்று ஒரு மேடையில் கேட்டேன். கைதட்டலும் கேட்டேன். சாவக மொழியில் 1365இல் பிரபஞ்சர் இயற்றிய நூலில் இவ்வூர் 'கெலாங்' என்றே குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த வடிவிலிருந்து இன்றைய வடிவம் ஒழுங்காகப் பெறப்படும்போது கிள்ளியைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. பிறர் அரண்மனைக்கு நாம் பட்டா கேட்கத் தேவையில்லை. இங்கே நமக்குரியது வேறொன்று இருக்கிறது.

கெலாங் எவ்வாறு கிள்ளான் ஆயிற்று? மலாய் மொழியில் முதலசையில் வரும் எகரம் பெரும்பாலும் வாய் திறவாமல் ஒலிக்கும் குறுகிய உயிர். தமிழில் அதற்கு எழுத்தில்லை. நம் மக்கள் அதனை இகரமாகக் கேட்டனர். ஒரு சொல்லில் மட்டுமன்று, வரிசையாகக் கேட்டனர்: செரெம்பான் சிரம்பான் ஆயிற்று, செலாங்கோர் சிலாங்கூர், கெலாந்தான் கிளந்தான், தெரெங்கானு திரங்கானு. ஊர்ப்பெயர் மட்டுமன்று, பால்மரத்தைக் குறிக்கும் கெத்தா என்னும் சொல்லும் நம் தோட்டங்களில் 'கித்தா' ஆயிற்று. கெடா மாநிலம் இந்த வரிசையில் நிற்க மறுக்கிறது. நிற்கட்டும், விதிவிலக்கு இல்லாத விதியைக் கண்டால் எனக்கு ஐயம் வரும்.

இனி ஈற்றொலி. தமிழில் மெய்யெழுத்துகளுள் பதினொன்றே சொல்லின் இறுதியில் நிற்கும் என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. அவற்றுள் ஙகரம் இல்லை. கெலாங் என்பதன் ஈற்று ஙகரத்தை னகரமாக்கினர் நம் மக்கள். தொங்காங் என்னும் சரக்குப் படகைத் 'தொங்கான்' என்றதும் இதே முறைதான். கம்போங் என்பதில் மகரத்தை இட்டுக் 'கம்பம்' என்றனர்; தேனிப் பக்கத்திலிருந்து வந்தவர்க்கு அது ஊர்ப்பெயராகவே காதில் விழுந்திருக்கும். பினாங்கில் உகரம் சேர்த்தனர். வழிகள் மூன்று, ஙகரத்தை இறுதியில் நிறுத்தவில்லை என்பது மூன்றிற்கும் பொது. சிலாங்கூர், கோலாலம்பூர் என்னும் பெயர்களின் ஈற்றில் நம் 'ஊர்' வந்து அமர்ந்திருப்பதையும் காண்க. 'லும்பூர்' என்றால் மலாயில் சேறு. சேற்றை ஊராக்கிக்கொண்டவர்கள் நம் முன்னோர்!

இப்பெயர்களை உருவாக்கியவர் புலவர் அல்லர். 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்த சில மாதங்களில் மலேரியா பரவியது. மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்து அதனைக் கட்டுப்படுத்தினார் என்று மருத்துவ வரலாறு சொல்லும். அத்தகைய சதுப்பிலும், இருப்புப்பாதையிலும், கித்தாக் காட்டிலும் வேலை செய்தவர்களே இவர்கள். பலர்க்குக் கையெழுத்திடத் தெரியாது. ஆயினும் அவர்கள் நாவில் தொல்காப்பியர் வகுத்த நெறி பிழையாமல் இருந்தது. ஆதலின், 'கிளாங்' என்பது நவீனம், 'கிள்ளான்' என்பது கொச்சை என்று எண்ணும் இளைஞர்களுக்கு நான் சொல்வது: கிள்ளானே இலக்கணம், கிளாங்கே வழு.

மொழிபெயர்த்தும் பெயரிட்டனர். நெடுஞ்சாலையில் மைல்கல்லை எண்ணி மலாய்க்காரர் 'பத்து தீகா' என்றனர். அதாவது மூன்றாம் கல். நம்மவர் கல்லை விட்டுக் கட்டையைப் பிடித்தனர்: மூணாங்கட்டை, எட்டாங்கட்டை. கட்டை என்பதே மைல் என்னும் அளவைப் பெயராகிவிட்டது. கிலோமீட்டர் கணக்கு வந்து கல்லும் கட்டையும் போய்விட்டன. இன்றும் முதியவர் ஒருவரிடம் வழி கேட்டால், "ரெண்டு கட்டை தூரம்" என்பார்.

ஊர்கள் தம் உருவத்தையே மாற்றிக்கொண்டன. 1978இல் சிலாங்கூரின் தலைநகராக அறிவிக்கப்பட்ட ஷா ஆலம், முன்பு சுங்கை ரெங்கம் தோட்டம். பங்சார் என்னும் பெயரே பங்கி, கிரிசார் என்னும் இரண்டு ஐரோப்பியர் பெயர்கள் இணைந்த தோட்டப் பெயரிலிருந்து வந்தது. முதலாளியின் பெயர் எவ்வாறேனும் நிலைத்துவிடுகிறது. பெரட்டுக்களத்திற்கும், லயத்திற்கும், கள்ளுக்கடை முக்கிற்கும் தொழிலாளர் இட்ட பெயர்கள் எந்த நிலப்படத்திலும் ஏறியதில்லை. அவை நாவில் மட்டும் இருந்தன.

ஜுக்ராவின் பண்டார் அரண்மனையை அன்று பிற்பகல் கண்டோம். சுல்தான் அலாவுதீன் சுலைமான் ஷா 1905இல் எழுப்பியது. காலம் அதனைச் சிதைத்திருந்தும் அழகு குன்றவில்லை. அதற்கு எத்தனை சொற்கள் செலவிட்டாலும் தகும். ஆனால் அங்கு நின்றபோது என் எண்ணம் நாங்கள் கடந்துவந்த சாலையில் இருந்தது. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் 1941இல் தமிழ்த் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் அதனை வழிநடத்தினார். சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது: துரைமாரைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடுகடத்தப்பட்டார். படையினர் வந்தனர், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். நாங்கள் அன்று கடந்த வழியில் இதைச் சொல்லும் பலகை ஒன்றையும் நான் காணவில்லை.

இப்போது என் சொந்தத் தவறு ஒன்றை இந்த அவையில் சொல்ல வேண்டும்.

1988இல் முனைவர் பட்ட ஆய்வுக்காகத் தோட்டத் தமிழின் ஒலியமைப்பைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். சொல்லிறுதி மகரம் பேச்சில் மூக்கொலி உயிராகத் திரிவது அதில் ஓர் இயல். தகவலாளருள் என் தாயாரும் ஒருவர். அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். ஒலிநாடாவில் நான், "மரம்" என்று சொல்லச் சொல்கிறேன். "எந்த மரம்? எறங்கு மரமா?" என்று கேட்கிறார். பிறகு தாமாகவே தொடர்கிறார்: "எறங்கு மரம்னு ஒன்னு இருந்துச்சு. சைக்கிள்ல வர்ற ஆளுங்க அதுக்கிட்ட வந்ததும்..." அந்த இடத்தில் என் குரல் குறுக்கிடுகிறது: "அம்மா, கதையெல்லாம் அப்புறம். சொல்லை மட்டும் சொல்லுங்கம்மா." அவரும் பணிவாக மூன்று முறை, "மரம், மரம், மரம்" என்கிறார். ஆய்வேட்டில் அந்த மூன்றும் எடுத்துக்காட்டுகளாக உள்ளன. தேர்வாளர் அவ்வியலைப் பாராட்டினார்.

வேலைநிறுத்தக் கோரிக்கைகளைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோதுதான், அம்மா எதைச் சொல்ல வந்தார் என்பது எனக்கு உறைத்தது. 1941இல் அவர் பதினொரு வயதுச் சிறுமி. துரை வீட்டை நெருங்கும் வழியில், மிதிவண்டியை விட்டு இறங்கியாக வேண்டிய எல்லையாக ஒரு மரம் இருந்திருக்கிறது. அந்த இழிவை நாள்தோறும் பட்டவர்கள் அந்த இடத்திற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். வினைத்தொகை, எத்துணைச் செட்டான அமைப்பு! இறங்கிய மரம், இறங்குகின்ற மரம், இறங்கப்போகும் மரம். முக்காலமும் அதற்குள் அடக்கம். அம்மா மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஒலிநாடாவைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டேன். நான் வெட்டிய இடத்திற்கு அப்பால் அதில் ஒன்றும் இல்லை. அந்தத் தோட்டம் இருந்த இடத்தில் இன்று துறைமுகக் கிடங்குகளும் கொள்கலன் லாரிகளும் நிற்கின்றன. எந்த மரம், எந்தத் திருப்பம் என்று காட்ட எனக்கு ஆளில்லை.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். அரண்மனைக்கும் கோட்டைக்கும் மாணவரைத் தொடர்ந்து அழைத்துச் செல்லுங்கள். அவை இந்நாட்டு மக்கள் அனைவர்க்கும் உரிய செல்வம். பேருந்தில் இரண்டு இருக்கைகளை முதியவர்க்கு ஒதுக்குங்கள். வழியெல்லாம் அவர்கள் சொல்லும் பெயரை மாணவர் தேதியிட்டு எழுதட்டும். சொன்னவர் எந்தத் தோட்டத்தவர், பெயர் எதைக் குறித்தது என்பதையும் சேர்த்து எழுதட்டும். ஒலிப்பதிவும் செய்யுங்கள். பேச்சு வழக்கைத் திருத்த வேண்டாம். 'எறங்கு' என்றால் 'எறங்கு' என்றே எழுதுக. எல்லாவற்றிற்கும் மேலாக, அவர்கள் கதைக்குள் போனால் தடுக்காதீர்கள்.

அன்று திரும்பும் வழியில் அந்தப் பாட்டி காப்பார் சாலை முக்கிலிருந்து ஒவ்வொரு திருப்பத்திற்கும் ஒரு பெயர் சொன்னார். பேத்தி பதினேழு பெயர்களை எழுதினாள். அவற்றுள் நான் அறிந்திருந்தவை நான்கு.

மண்டபத்தின் வாயிலருகே ஒரு மேசையில் குறிப்பேடு ஒன்றை வைத்திருக்கிறேன். கிள்ளான், காப்பார், மேரு, பந்திங், கேரித் தீவு வட்டாரங்களில் பிறந்தோர் இங்கே பலர் இருப்பீர்கள். உங்கள் வீட்டில் வழங்கிய பெயர் ஒன்றையேனும் அதில் எழுதிச் செல்லுங்கள். 'எறங்கு மரம்' என்ற பெயரை எவரேனும் கேட்டிருந்தால், என்னைப் பாராமல் போய்விடாதீர்கள். தேநீர் முடியும்வரை அங்கேயே இருப்பேன்.