எந்த ராஜ்மா விதை நல்லது?



ராஜ்மா ஒரு பருப்பு வகை. பீன்ஸும் ராஜ்மாவும் ஒரே இனம். பிஞ்சிலே பறித்தால் காய்கறி. முற்றிக் காயவிட்டால் பருப்பு.

வடக்கே இமயமலைச் சரிவில் உத்தராகண்ட் மாநிலம் இருக்கிறது. அங்கே மலையை வெட்டிப் படிப்படியாக வயல் அமைத்திருக்கிறார்கள். பெரும்பாலான மலை வயல்களுக்குப் பாசனம் இல்லை. வானம் பார்த்த பூமிதான். அங்கே பல குடும்பங்கள் ராஜ்மா பயிரிடுகின்றன. சாப்பிட்டது போக மீதியை விற்கின்றன. விதை தவறினால் ஒரு வருஷப் பாடு வீண்.

செடியா, கொடியா?

ராஜ்மாவில் குத்துச்செடி உண்டு. கொடியும் உண்டு.

குத்துச்செடி குட்டையாக நிற்கும். சீக்கிரம் காய்க்கும். காய்கள் ஏறக்குறைய ஒன்றாக முற்றும். மழை முன்னதாக நின்றாலும் தப்பிக்கும். ஆனால் பூக்கும் சமயத்தில் நிலம் காய்ந்தால் பூ உதிரும். மறுபடி பூக்க அதற்கு நாள் போதாது.

கொடி பல நாள் பூக்கும். ஒரு தடவை பூ உதிர்ந்தாலும் அடுத்த பூ வரும். மழை நீடித்துப் பெய்தால் விளைச்சலும் அதிகம். ஆனால் மழை சீக்கிரம் நின்றால் கடைசிக் காய்கள் சுருங்கிப் போகும்.

கொடிக்கு ஊன்றுகோல் வேண்டாமா? வேண்டும். அதனால் மக்காச்சோளத்தோடு விதைக்கிறார்கள். சோளத்தட்டையில் கொடி ஏறிக்கொள்ளும். கார்வால் பகுதியில் ஒரே வயலில் பல தானியங்களைக் கலந்து விதைப்பார்கள். அதற்குப் 'பாரா நாஜா' என்று பெயர். பன்னிரண்டு தானியம் என்று பொருள். ஒன்று போனாலும் இன்னொன்று கைகொடுக்கும்.

பழையதா, புதியதா?

அல்மோராவில் 1924-இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. வி.எல். 63 போன்ற ராஜ்மா இரகங்களை அது தந்தது. டெஹ்ரி மாவட்டத்து விவசாயிகளோ 1980-களின் கடைசியில் விதைகளைக் காக்கும் இயக்கம் தொடங்கினார்கள். பழைய ராஜ்மா விதைகளைத் தேடிச் சேர்த்தார்கள். முன்சியாரி ஊர் ராஜ்மாவுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆகவே பழையது எல்லாம் மட்டமும் அல்ல. புதியது எல்லாம் உயர்வும் அல்ல.

எப்படி ஒப்பிடுவது?

சொந்த வயலில் பார்ப்பதே நல்லது. இரண்டு விதைகளையும் பக்கத்துப் பக்கத்தில் விதைக்க வேண்டும். ஒரே நாள், ஒரே அளவு இடம், ஒரே அளவு எரு. எரு முக்கியம். மற்றப் பருப்புப் பயிர்களைப் போல ராஜ்மாவின் வேரில் முடிச்சுகள் நன்றாக உண்டாவதில்லை. எரு குறைந்தால் நல்ல விதையும் தோற்றுவிடும்.

பிறகு இவற்றைக் கவனிக்க வேண்டும்:

பூத்த நாள் எது?
நெற்றில் கரும்புள்ளி விழுந்ததா?
எத்தனை படி கிடைத்தது?
சீக்கிரம் வேகிறதா?

கரும்புள்ளி நோய் விதை வழியாகவும் பரவும். புள்ளி விழுந்த நெற்றை விதைக்கு வைக்கக் கூடாது. ராஜ்மாவை ஊற வைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் கொதிக்க வைத்தே உண்ண வேண்டும். வேகாத ராஜ்மா வாந்தியும் பேதியும் உண்டாக்கும்.

ஒரு வருஷத்தில் முடிவு செய்யக் கூடாது. நல்ல மழை வருஷத்தில் கொடி வெல்லலாம். மழை குறைந்த வருஷத்தில் செடி வெல்லலாம். மூன்று வருஷமாவது பார்க்க வேண்டும். அதுவரை இரண்டு விதையையும் கைவிடக் கூடாது.

மூன்று வருஷக் கணக்கு மனத்தில் நிற்காது. ஒரு நோட்டில் எழுதுங்கள். விதையின் பெயர், விதைத்த நாள், மழை பெய்த நாள், கிடைத்த படி. கற்ற எழுத்து வயலுக்கும் உதவட்டும்!