கப்பலின் கீழ்த்தளம்

(கும்மிடிப்பூண்டியில் தோழர்கள், மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



1971 போர்க்கால நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றி 2017ல் 'காஸி' படம் வந்தது. கொடியைப் பார்த்ததும் கை தட்டினோம். தட்டுங்க, வேணாங்கல. ஆனா கப்பல்ல கக்கூஸ் கழுவுறவன் முகத்த எந்தப் படத்துலயாவது பாத்திருக்கீங்களா?

இந்த வகைப் படத்துக்கு முன்மாதிரி 1942ல் நோயல் கவர்ட் எழுதி நடித்த 'இன் விச் வீ செர்வ்'. மவுண்ட்பேட்டனின் கெல்லி கப்பல் 1941ல் கிரீட் தீவருகே மூழ்கியதைத் தழுவியது. கப்பலே குடும்பம், அதிகாரி மேலே, மாலுமி கீழே, அவனவன் இடத்தில் அவனவன் இருந்தால் தேசம் பிழைக்கும். நமக்கு இது புதுசா? ஊரும் சேரியும் இதே உபதேசத்துலதான நிக்குது!

பிரிட்டிஷ் இந்தியக் கப்பற்படையில் துப்புரவு செய்பவனுக்கு 'தோப்பாஸ்' என்று தனிப் பெயரே இருந்தது. 1946 பிப்ரவரியில் கெட்ட சோற்றுக்கும் இழிசொல்லுக்கும் எதிராக பம்பாயில் மாலுமிகள் கிளர்ந்தார்கள். 78 கப்பல்கள், சுமார் 20,000 பேர். படேலும் ஜின்னாவும் சரணடையச் சொன்னார்கள். 'குடும்பம்' அன்றைக்கே உடைந்துபோனது.

நாளைக்கு ஆலையிலயோ அரங்கத்துலயோ 'நாமெல்லாம் ஒரே குடும்பம்'னு எவனாவது சொன்னா, ஒண்ணே ஒண்ணு கேளுங்க: அப்ப சாக்கடையில இறங்குறது மட்டும் ஏன் எப்பவும் நாங்க?