சுவரடிக் கரும்பலகை
(ஊராட்சி ஒன்றியக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



ஜூன் மாதம் பள்ளிக்கூடங்கள் திறக்கும் மாதம். அதுபற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று கேட்க நாம் வரவில்லை. அந்தக் காரியத்தை நம் முன்னோரே தொடங்கி வைத்துவிட்டனர். 1956-ம் ஆண்டில் மதிய உணவுத் திட்டம் வந்தது. 1958 முதல் நடைபெற்ற பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்களே பள்ளிக்கு வேண்டிய பொருள்களைக் கொண்டுவந்து கொடுத்தனர். அவ்விதம் பள்ளிக்குள் சென்ற குழந்தை தன் படிப்பைத் தானே நடத்திச் செல்கிறதா, அல்லது பிறர் ஓட்டும் வண்டியில் உறங்கிக்கொண்டு போகிறதா என்பதே இன்று நம்முன் உள்ள கேள்வி.

தன் நிலத்தில் எந்த மூலை மேடு, எந்த மடையில் நீர் தங்கும் என்பதை விவசாயி பிறரைக் கேட்டு அறிவதில்லை. அதுபோலவே, “எனக்குக் கூட்டல் வரும், கடன் வாங்கிக் கழிப்பது மட்டும் இன்னும் வரவில்லை” என்று குழந்தை தானே சொல்ல வேண்டும். அவ்வாறு சொல்லத் தெரியாத குழந்தை வாய் திறவாமல் பின்தங்குகிறது. பல ஆண்டுகள் இது எவர் கண்ணிலும் படுவதில்லை. ஒன்பதாம் வகுப்பில் தெரியவரும்போது, “இவனுக்குப் படிப்பு ஏறாது” என்று பெற்றோரும் நம்பிவிடுகின்றனர். பையன் கூலி வேலைக்குப் போய்விடுகிறான்.

இதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு வழி காட்டப்பட்டது. ஆந்திரத்து ரிஷி பள்ளத்தாக்கில் உருவான முறையைத் தழுவி, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-ல் மாநிலம் முழுவதும் பரவியது. ஏணிப்படி வரையப்பட்ட அட்டவணையைப் பார்த்துக் குழந்தை தனக்குரிய அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். முடித்தபின் அடுத்த படிக்குச் செல்லும். நடவு நாளில் வீட்டில் நின்றுவிட்ட குழந்தை, திரும்பி வந்ததும் விட்ட அட்டையிலிருந்தே தொடர முடிந்தது. அட்டைகள் கிழிந்தன, ஆசிரியருக்குச் சுமை கூடிற்று என்ற குறைகளும் எழுந்தன. அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் அம்முறை விட்டுச் சென்ற ஒரு நல்ல பொருள், சுவரின் அடியில், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் அமைந்த கரும்பலகை. ஒவ்வொரு குழந்தைக்கும் அதில் ஒரு கட்டம் உண்டு. எழுதுவதும் அழிப்பதும் திருத்துவதும் குழந்தையின் சொந்தக் காரியம்.

இங்கே எங்கள் பிழை ஒன்றையும் மறைக்காமல் கூறுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத் தொடக்கப் பள்ளியைப் பழுதுபார்க்கும் பொறுப்பு எங்களிடம் இருந்தது. சுவரடியில் ஓடிய கறுப்புப் பட்டையை அழுக்கு என்று எண்ணி, அதன்மேல் வெள்ளையடிக்கச் செய்துவிட்டோம். பள்ளி பளிச்சென்று ஆயிற்று. திறப்பு நாளன்று ஒரு மூன்றாம் வகுப்புச் சிறுமி சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, “ஐயா, என் கட்டம் எங்கே?” என்று கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை. மறுவாரமே கறுப்பு வர்ணம் பூசச் செய்தோம். அந்தச் செலவைப் பஞ்சாயத்துக் கணக்கில் ஏற்றவில்லை.

தானே கற்பது என்றால் குழந்தையைத் தனியே விட்டுவிடுவது என்று பொருளன்று. ஆசிரியர் வேண்டும், வீட்டிலும் துணை வேண்டும். மாலையில், “எத்தனை மார்க்கு?” என்று கேட்பதை விட்டு, “இன்று எது புரியவில்லை? அதை நாளை யாரிடம் கேட்பாய்?” என்று கேளுங்கள். எழுத்தறியாத தாயும் கேட்கக்கூடிய கேள்வி இது. 2009-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோரே ஆவர். கட்டடமும் குடிநீரும் பேசும் அக்கூட்டங்களில் இதையும் பேசலாம். ஆனால் உறுப்பினர்கள் வகுப்பறையில் புகுந்து குழந்தைகளைப் பரீட்சிக்க வேண்டா. அஞ்சிய குழந்தை தெரியாததை ஒருபோதும் சொல்லாது.

இன்னொன்று. 2006 முதல் 2011 வரை அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிகளில் நூலகங்கள் கட்டப்பட்டன. பூட்டிக் கிடக்கும் நூலகம் ஏதும் நம் ஒன்றியத்தில் இருந்தால், மாலை ஐந்து மணிக்கு அதைத் திறக்கும் சாவியை எவரிடம் ஒப்படைப்பது என்பதை இன்றைய கூட்டம் கலைவதற்குள் முடிவு செய்துவிடுவோம்.